வடிய மறுக்கும் பசை: பீர் தொட்டியில் வில்லன், நம்ம குடலில் நண்பன்

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான வரலாறு. பீர் காய்ச்சுறவங்களை 4000 வருஷத்துக்கு மேல படுத்தி எடுத்த ஒரு பிரச்சனை. அதுக்கும் உங்க கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் இருக்கு. முழுசா படிங்க 👇

முளைகட்டி உலர்த்திய பார்லியை நொய்யா உடைச்சு, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பாங்க. மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அந்த இனிப்புச் சாறுக்கு 'வோர்ட்'னு பேரு. அடுத்து அதை வடிக்கணும். பல சமயம் சொட்டு சொட்டா வந்து அப்படியே நின்னுடும்!

ஏன்?

இங்கே உண்மையான வடிகட்டி அடியில இருக்கிற சல்லடை இல்லை. பார்லியோட உமிதான். சல்லடை உமியைத் தாங்கும், உமிப்படுகை சாறைத் தெளிய வைக்கும். ரொம்ப மாவா அரைச்சா உமியும் நொறுங்கிடும். தண்ணி போக வழி இருக்காது.

பழைய மெசபடோமியாவில் 'ஊர்' என்றே பேர் கொண்ட ஒரு நகரம். அங்கே சுமார் 4500 ஆண்டு பழமையான ராணி புவாபியின் கல்லறையில், விலையுயர்ந்த உலோகத்தில் செய்த உறிஞ்சு குழல்கள் கிடைச்சுது. பீர்ல மிதந்த சக்கையை ஒதுக்கிட்டு குடிக்க குழல் வேணும். சுமார் கி.மு. 1800-ஐச் சேர்ந்த நின்காசி தேவதையின் துதிப்பாடல் வடிகட்டும் பாத்திரத்தையும் பேசுது.

பின்லாந்து கிராமங்கள்ல 'சாத்தி'ன்னு ஒரு பீர். அதை வடிக்க 'கூர்னா' என்ற மரத்தொட்டி. மரக்கட்டையைக் குடைஞ்சு, அடியில வைக்கோலும் ஜூனிபர் கிளையும் பரப்புவாங்க. பிசுபிசுப்பான ரை தானியத்துக்கு நடுவுல சாறு ஓட வழி கிடைக்கும்.

இதோட கணக்கைச் சொன்னவர் பீர்க்காரர் இல்லை. பிரான்ஸின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி. மணல் படுகையில் தண்ணீர் எப்படி இறங்குதுன்னு சோதிச்சு 1856-ல் எழுதினார். மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் கூடினா ஓட்டம் கூடும். படுகை தடிமன் கூடினா ஓட்டம் குறையும். திரவத்தின் பிசுபிசுப்பும் ஓட்டத்தைக் குறைக்கும்னு பின்னால வந்தவங்க சேர்த்தாங்க.

அப்போ குழாயை முழுசா திறந்தா வேகமா வடியுமே? அங்கேதான் சிக்கல். மணல் அமுங்காது, உமிப்படுகை அமுங்கும். வேகமா இழுத்தா படுகை இறுகி, தூள் எல்லாம் அடியில அடைச்சுக்கும். அவசரப்பட்டா நின்னுடும்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுறதை சட்டபூர்வமாக்கும் மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்டார். பிறகு சார்லி பபாசியன் 1984-ல் வந்த தன் புத்தகம் மூலம் ஒரு எளிய வழியைப் பரப்பினார்: ரெண்டு பிளாஸ்டிக் வாளி, ஒன்னுக்குள்ள ஒன்னு. உள்வாளியின் அடியில நூற்றுக்கணக்கான ஓட்டை. அவ்வளவுதான்!

வாளி மாறினாலும் அடைப்பு போகலை. வைத்தியம் இதுதான்:
▪️ குழாயை மூடி, படுகையைக் கிளறி, 10-15 நிமிஷம் படிய விட்டு, மெதுவா திறக்கணும்
▪️ சூட்டை 75 டிகிரி பக்கம் ஏத்தினா பிசுபிசுப்பு குறையும். 77-க்கு மேல போனா உமியின் துவர்ப்பு இறங்கும்
▪️ கோதுமை, ஓட்ஸ் சேர்த்தா கூடவே நெல் உமியும் போடணும். ருசி மாறாது, வழி திறக்கும்

(நம்ம ஊர்ல உரிமம் இல்லாம காய்ச்சுறது குற்றம். இது வரலாறு மட்டும்தான், செய்முறை இல்லை!)

சரி, அந்தப் பிசுபிசுப்பு எங்கிருந்து வருது?

பீட்டா குளூக்கன். பார்லி, ஓட்ஸ் செல் சுவரில் இருக்கிற நார்ச்சத்து. தண்ணியில கரைஞ்சா கோந்து மாதிரி ஆகும். தானியம் நல்லா முளைச்சா அதோட நொதியே இதை வெட்டிடும். அரைகுறையா முளைச்சா பசை அப்படியே நிக்கும், வடிகால் அடைக்கும்.

இதே பசை நம்ம குடலிலும் அதே வேலையைத்தான் செய்யுது. அங்கே அது நன்மை. சர்க்கரை மெதுவா ரத்தத்தில் ஏறும். பித்த அமிலங்கள் பசையில் சிக்கி மலத்தோடு போயிடும். புது பித்த அமிலம் செய்ய கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கும். கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) குறையும்.

1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தினமும் 3 கிராம் ஓட்ஸ் பீட்டா குளூக்கன் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம்னு உணவுப் பொட்டலத்தில் எழுத அனுமதிச்சுது. பின்னாடி பார்லிக்கும் அனுமதி கிடைச்சுது. 3 கிராம்னா சுமார் 60 முதல் 80 கிராம் ஓட்ஸ்.

மூணு விஷயம் மறக்காதீங்க.

1. இதைச் சொல்லி பீர் பக்கம் கிளம்பாதீங்க 😀 பசையை ஒழிச்ச பிறகுதான் அது பீர். ஆல்கஹால் ரத்த அழுத்தத்தையும் ட்ரைகிளிசரைடையும் ஏத்தும்.

2. பார்லியை சக்கையோட கஞ்சியா குடிங்க. வடிச்சுக் கொட்டாதீங்க. சர்க்கரை நோயாளிகள் சோறு, இட்லிக்குப் *பதிலா* எடுக்கணும், கூடுதலா இல்லை.

3. கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. கஞ்சி மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை.

தெளிவான பீருக்காகத் தூக்கிப் போட்டதைத்தான் இன்னைக்கு இதயத்துக்காகத் தேடி வாங்குறோம். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க.