ஒலிநாடாவும் கருத்து வரைபடமும்: பர்டியூவின் இரண்டு தாவரவியலாளர்கள்

தாவரவியல் படித்த பேராசிரியர் ஒருவர் கணினிவழிக் கல்விக்குப் போய்விட்டார் என்றால், படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர் பழைய துறையிலிருந்து எதைக் கையோடு கொண்டு போனார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு விடை தேட, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகம் நல்ல இடம். 1960களின் தொடக்கத்தில் சாமுவேல் போஸல்த்வெயிட், ஜோசஃப் நோவாக் என்று தாவரவியலில் வளர்ந்த இருவர் ஒரே காலத்தில் அங்கே வேலை பார்த்தார்கள். இருவருமே கற்பித்தல் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் செடியைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றவர் செடியை விட்டுவிட்டு, அதைப் பார்க்கப் பழகிய கண்ணை மட்டும் கொண்டு போனார்.

போஸல்த்வெயிட்டின் ஆய்வுப் பயிர் மக்காச்சோளம். மரபியலாளர் ஆலிவர் நெல்சனோடு சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரை, எப்போதும் வாடியே நிற்கும் ஒரு மக்காச்சோள வகையைப் பற்றியது. மண்ணில் ஈரம் இருக்கும். பயிர் துவண்டு கிடக்கும். உள்ளே பார்த்தால், நீரை மேலே ஏற்றும் பெரிய சைலக் குழாய்கள் உரிய காலத்தில் முதிர்ந்திருக்காது. 1961இல் அவருடைய முதலாண்டுத் தாவரவியல் வகுப்பில், பள்ளியில் அடிப்படை சரியாக அமையாமல் வந்த மாணவர்கள் தடுமாறினார்கள். அவர் அவர்களைக் குறை சொல்லவில்லை. பாடம் அவர்களிடம் போய்ச் சேரும் வழியில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தார். மக்காச்சோளத்தையும் மாணவர்களையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பது என் வாசிப்புதான். ஆனாலும், வாடிய பயிரின் உள்ளே வெட்டிப் பார்த்துப் பழகியவருக்கு இந்த நிதானம் இயல்பாக வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

முதலில் கூடுதல் விளக்கங்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். வேண்டியவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம். பிறகு, கேட்கும்போது பாடப்புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு செய்முறைக் கையேடு வந்தது. கடைசியில் செடியே மேசைக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில், வழக்கமான விரிவுரைக்கு இனி என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. பாடத்திட்டம் முழுவதையும் இந்த முறைக்கு மாற்றினார்.

அந்த மேசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இருபுறமும் தடுப்பு வைத்த சிறிய இருக்கை. ஒலிநாடாக் கருவி, நுண்ணோக்கி, சிறிய படச்சுருளை ஓட்டும் கருவி, பக்கத்தில் அந்த வாரத்துக்கான செடியும் மாதிரிகளும். ஒரே ஒரு மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுபோல ஆசிரியரின் குரல் பேசும். கிளையைக் கையில் எடு, மொட்டைப் பிரித்துப் பார், பார்த்ததை வரை என்று சொல்லும். மாணவர் நாடாவை நிறுத்திவிட்டு அதைச் செய்வார். விளங்கவில்லை என்றால் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்பார். தனக்கு வசதியான நேரத்தில் வந்து, தேவைப்படும் அளவு உட்காரலாம். வாரத்தில் ஒருமுறை சிறு குழுவாக ஆசிரியர் முன்னால் அமர வேண்டும். அங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாதிரி தரப்படும். அதை வைத்து அவர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். கேட்டது, தொட்டது, வரைந்தது எல்லாம் அந்த இடத்தில் வாய்வழியாக வெளியே வந்தாக வேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நோவாக் வேறு வழியில் வந்தவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே படித்தவர். கல்லூரித் தாவரவியலை வழக்கமான முறையிலும் செயல்திட்ட முறையிலும் கற்பித்து, இரண்டையும் ஒப்பிட்ட அவருடைய ஆய்வு 1958இல் வெளிவந்தது. 1959இல் பர்டியூவுக்கு வந்தார். 1967இல் கார்னெல் பல்கலைக்கழகம் போனார். அன்றைய கற்றல் கோட்பாடுகள் பெரும்பாலும் தூண்டல், துலங்கல் என்ற சட்டகத்துக்குள் இருந்தன. மனிதர் ஒரு கருத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதற்கு அவற்றில் அவருக்கு விடை கிடைக்கவில்லை. உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1963இல் வெளியிட்ட நூல் அந்த விடையைத் தந்தது: புதிதாகக் கற்பது ஏற்கெனவே மனத்தில் இருப்பதோடு இணைந்தால்தான் நிலைக்கும். அப்படியானால் ஏற்கெனவே மனத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? போஸல்த்வெயிட்டுக்கு நுண்ணோக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நோவாக் தனக்கான கருவியைத் தானே உண்டாக்க வேண்டியிருந்தது.

கார்னெல்லில் சிறு பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து, அவர்களை நேர்காணல் செய்தார்கள். பொருள்கள் எதனால் ஆனவை, கரைந்த சர்க்கரை என்ன ஆகிறது என்ற வகைக் கேள்விகள். பேச்சு எழுத்தாகிப் பக்கம் பக்கமாகக் குவிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் புரிதல் எங்கே மாறியது என்று சொல்ல முடியவில்லை. 1972இல் அவருடைய குழு கண்டுபிடித்த வழிதான் கருத்து வரைபடம். கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, பொதுவானதை மேலேயும் குறிப்பானதைக் கீழேயும் வைத்து, கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் எழுத வேண்டும்.

அந்த இணைப்புச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ‘செடி’, ‘உணவு’, ‘மண்’ என்று மூன்று கட்டங்களைக் கொடுத்துப் பாருங்கள். செடியிலிருந்து உணவுக்குப் போகும் கோட்டில் ‘உறிஞ்சுகிறது’ என்றும், உணவிலிருந்து மண்ணுக்குப் போகும் கோட்டில் ‘கிடைக்கும் இடம்’ என்றும் ஒரு பிள்ளை எழுதினால், அது ஒளிச்சேர்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். சரியான விடையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய பிள்ளையும் இங்கே மாட்டிக்கொள்ளும். பேரினத்தின் கீழ் சிற்றினத்தை அடுக்கியும் செடியின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்தும் பழகிய ஒருவர் மேலிருந்து கீழாக வரையும் முறையைத் தேர்ந்ததும், ஒரே பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர முனைந்ததும் எனக்கு வியப்பாக இல்லை.

இருவரையும் பக்கத்தில் வைத்தால் குறைகளும் தெரிகின்றன. போஸல்த்வெயிட்டின் மேசையில், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு ஒன்றுமே பதியாமல் எழுந்து போக ஒரு மாணவரால் முடியும். சிறு குழுவில்தான் அது பிடிபடும். நோவாக்கின் தாளில், பூவைத் தொட்டே பார்க்காத ஒருவர் பூவைப் பற்றிய குறையற்ற வரைபடத்தை வரைந்துவிடலாம். இரண்டாவது குறை எனக்குக் கூடுதல் கவலை தருகிறது, ஏனென்றால் கணினி அதைப் பெருக்கிவிடும். நோவாக்கின் வரைபடம் கணினிக்குள் இயல்பாகப் புகுந்தது. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் இருக்கும் ஐஎச்எம்சி ஆய்வு நிறுவனத்தில் ஆல்பெர்ட்டோ கனியாஸ் குழுவினர் உருவாக்கிய சிமேப்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில், ஒரு கருத்தோடு படத்தையும் காணொளியையும் இன்னொரு வரைபடத்தையும் இணைக்கலாம்; தொலைவில் இருப்பவரோடு சேர்ந்து வரையலாம். பனாமா அரசு 2004 வாக்கில் தொடங்கி அதைத் தன் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு போனது. போஸல்த்வெயிட்டின் மேசைக்கு இப்படி ஒரு மறுபிறவி வாய்க்கவில்லை. நிறுத்துவதும் பின்னுக்கு ஓட்டுவதும் ஒவ்வொரு கைபேசிக்கும் வந்துவிட்டன. செடி வரவில்லை.

2020இல் பெருந்தொற்றால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடியபோது தாவரவியல் செய்முறை வகுப்பும் திரைக்குப் போனது. வாசலில் செம்பருத்தி நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கும் செம்பருத்தியின் படத்தைத்தான் காட்டினோம். ஒரு பூவைப் பறித்து வந்து நீளவாக்கில் கீறு, மகரந்தத்தாள் குழலுக்குள் சூலகத்தண்டு போவதைப் பார், பார்த்துவிட்டு மறுபடி காணொளியை ஓட்டு என்று சொல்லும் பதிவுகள் மிகச் சிலவே என் கண்ணில் பட்டன. கருத்து வரைபடமும் இங்கே வரும்போது ஒன்றை இழந்துவிட்டது. தமிழ்நாட்டின் புதிய அறிவியல் பாடநூல்களில் பல பாடங்களின் முடிவில் அது இருக்கிறது, ஆனால் வரைந்து முடித்த நிலையில். படிப்பவர் செய்ய வேண்டிய வேலையை நூலாசிரியர் செய்து வைத்திருக்கிறார். படைப்பாற்றல் கல்வி என்ற கற்பித்தல் முறையோடு நம் வகுப்புகளுக்கு வந்த மனவரைபடத்தைப் பிள்ளைகளே வரைந்தார்கள்; அதில் கோடுகளின் மேல் சொல் எழுதும் வழக்கம் இல்லை.

இருவரின் பாதைகளும் ஓரிடத்தில் சேர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒலிநாடா முறையைப் பற்றிய நூலின் 1969ஆம் ஆண்டுப் பதிப்பில் போஸல்த்வெயிட்டோடு நோவாக்கின் பெயரும் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நோவாக், கார்னெல் இருக்கும் இத்தாக்கா நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்க எடுத்துக்கொண்டதும் அதே முறைதான். மேசையில் பொருள்கள், காதில் குரல், கைகளுக்கு வேலை. 28 பாடங்கள். 191 பிள்ளைகள் அவற்றைக் கற்றார்கள். கற்காத 48 பேர் ஒப்பிடுவதற்கு. குரல் நாடாவில் இருந்ததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் போனது. நேரில் நடத்தும் ஆசிரியர்கள் வகுப்புக்கு வகுப்பு வேறுபடுவதால், இந்த ஒருமை இல்லாமல் அப்படி ஓர் ஒப்பீட்டைச் செய்வது கடினம். பிறகு அவர்களில் பலரைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை அவ்வப்போது நேர்காணல் செய்து, ஒவ்வொரு நேர்காணலையும் கருத்து வரைபடமாக்கிப் பார்த்தார்கள். முடிவுகளை நோவாக்கும் அவருடைய சக ஆய்வாளர் முசோண்டாவும் 1991இல் வெளியிட்டார்கள். ஆறேழு வயதில் பொருளைத் தொட்டுக்கொண்டே பாடம் கேட்டவர்களிடம், பன்னிரண்டாம் வகுப்பிலும் சரியான கருத்துகள் கூடுதலாகவும் தவறான கருத்துகள் குறைவாகவும் இருந்தன.