திருவையாற்றில் யார் பாடலாம்?

ஜனவரி வாக்கில் டிவியில் பார்த்திருப்பீர்கள். திருவையாறு காவிரிக்கரையில் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். 1847-ல் அவர் மறைந்ததிலிருந்தே இப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் கதை வேறு.

அப்போதெல்லாம் ஆராதனை பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாகப் பிரிந்து நடந்தது. இரண்டிலும் பெண்கள் பாட முடியாது. சமாதி சிதிலமாகக் கிடப்பதை 1921-ல் கேள்விப்பட்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், சொந்தப் பணம் போட்டு அங்கே கோயில் கட்டினார். 1926-ல் கும்பாபிஷேகமும் ஆனது. ஆனால் கட்டியவருக்கே அங்கு பாட இடமில்லை. அவர் பெண், அதுவும் தேவதாசி மரபில் வந்தவர்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டிக் கோயிலின் பின்பக்கம் தனி ஆராதனை தொடங்கினார். ‘பெண்கள் கட்சி’ என்றே அதற்குப் பேர்.

1940-ல் கட்சிகள் ஒன்றாயின. அதன் பிறகுதான் பஞ்சரத்னத்தைக் கூட்டாகப் பாடும் வழக்கம் நிலைத்தது. இதற்கு அந்தக் கீர்த்தனைகள் தோதானவை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்திலும் ஸ்வரமும் சாகித்யமும் முன்பே அமைந்தவை. நிரவல், கற்பனை ஸ்வரம் என்று தனியாள் திறமை காட்ட வேண்டியதில்லை. பெரிய வித்வானும் பாட்டு கற்கும் மாணவியும் பாடுவது ஒரே வரிதான். சுருதி அங்கங்கே விலகும், உண்மைதான். ஆனால் யாரையும் எழுந்து போகச் சொல்ல முடியாது.

நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆராதனையில் கேமரா அந்தப் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள்.