கணக்குப் புத்தகம் கடந்து வந்த பாதை



உங்கள் பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். அது எங்கெங்கே சுற்றி நம் கைக்கு வந்தது என்பதைச் சொல்லவே இந்தச் சிறு கட்டுரை.

எழுத்தைச் சொல்லுமுன் எண்ணைச் சொன்னவர் வள்ளுவர். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அந்த எண்ணைக் கற்பித்த நூல் எண்சுவடி. பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். முழு எண்ணுக்கு மட்டுமல்ல, பின்னத்துக்கும் அதில் வாய்பாடு உண்டு. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரி வரை போகும். ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் முந்திரி! காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ நிலக் கணக்கையும் நெல் கணக்கையும் பொன் கணக்கையும் செய்யுளிலேயே சொன்னது. நெல்லளப்பதும் நிலமளப்பதும் அன்றைய பிழைப்பு. புத்தகமும் அந்தப் பிழைப்பையே பேசியது.

நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்தபோது பிழைப்பு மாறியது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் காடு தோட்டமாயிற்று. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டு வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது. ஆனாலும் நம்மவர் பெரும்பாலோர் பால்வாளி சுமந்தவர்களே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளி. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார்.

புத்தகம் மட்டும் இந்தியாவிலிருந்து வந்தது. அங்கே ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இங்கே வெள்ளிக்கு 100 காசு. அங்கே வீசை, மணங்கு. இங்கே கட்டி, பிக்குல், இராத்தல். பிள்ளை படித்த கணக்கு ஒன்று, அப்பா வாங்கிய சம்பளக் கணக்கு வேறொன்று!

1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்நாட்டுக்கேற்ற பொதுப் பாடத்திட்டம் நம் பள்ளிகளுக்கு வந்தது. 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தையொட்டி இராத்தல் போய்க் கிலோ வந்தது. 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கியது. 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. புத்தகம் வாங்கக் காசில்லை என்ற குறை தீர்ந்தது.

சரி, இந்தப் புத்தகத்தால் நமக்கென்ன பயன்? ரப்பர் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் கொஞ்சம் மாதிரி எடுத்தும், மெட்ரோலாக் என்ற மிதவையை விட்டும், உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 40 கிலோ பாலில் 35 விழுக்காடு என்றால் 14 கிலோ ரப்பர். அதையே 30 என்று எழுதினால் 12 கிலோதான். ஒரு நாளில் 2 கிலோ போச்சு! விழுக்காடு படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் "அப்பா, இது சரியா இல்லையே" என்று சொல்லும். ஒரு துளி மாதிரியைக் கொண்டு வாளி முழுவதையும் மதிப்பிடுகிறோமே, புள்ளியியல் என்று பெரிய படிப்பில் சொல்வதும் இந்த வேலையைத்தான்.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழில் வாய்பாடு தெரிந்த தாய்கூடப் பிள்ளையின் புத்தகத்தை விரித்துவிட்டுப் பேசாமல் மூட வேண்டியதாயிற்று. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது. கணக்கு படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நன்றாகவே படிக்கட்டும். ஆனால் முதல் கணக்கு, வீட்டில் உள்ளவர்களுக்கும் விளங்கும் மொழியில் இருக்கட்டும் என்கிறேன்.

"நாங்க படிக்கலீங்க சார், எங்களுக்கு எங்கே கணக்கு வெளங்கும்?" என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. ஐயா, அம்மா! மரத்தை எண்ணினீர்கள், குலையை எண்ணினீர்கள், வட்டிக்கடைக் கணக்கையும் மனத்திலேயே போட்டீர்கள். உங்களுக்கா கணக்குத் தெரியாது? இந்த மாதச் சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதைக் கூட்டிச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். புத்தகத்துக்குள் இருக்கும் கணக்கு அன்றே உங்கள் வீட்டுக் கணக்காகிவிடும்.

வாழ்க தமிழ்க்கல்வி! வளர்க நம் பள்ளி!