கரிசல் நாய்களும் வலியின் மொழியும்

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை கன்னியும் சிப்பிப்பாறையும். ஒடுங்கிய முகமும் நீண்ட கால்களும் கொண்ட ஓட்ட நாய்கள் இவை. சிப்பிப்பாறை என்பது பக்கத்து விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரின் பெயர். கோடையில் வெடித்துப் பிளக்கும் நிலமும் கருவேல முள்ளும் இவற்றின் பாதங்களைப் பதம் பார்த்தன.

நாய் வலியைக் கத்திச் சொல்வது குறைவு. நொண்டுவது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது, தீனியை ஒதுக்குவது, ஓடாமலே மூச்சிரைப்பது, மூலையில் சுருண்டு படுப்பது, தொட்டால் உறுமுவது ஆகியவையே அதன் மொழி.

இந்த வலியைச் சட்டமும் கண்டுகொண்டது: இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குகளை வதைப்பதைக் குற்றமாக்கியது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை கட்டுப்படுத்தப்பட்டது; கரிசல் நாய்கள் காவலுக்கும் வீட்டுத் துணைக்கும் உரியவையாயின. வலியின் மொழியைப் படிக்க அறிவியலும் முயன்றது: 2001இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் உடல் தோரணை, நடை, குரல், தொடும்போது காட்டும் எதிர்வினை முதலியவற்றைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோலை வெளியிட்டனர்.

வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். மெல்லப் பேசி அணுக வேண்டும். மனிதருக்கான ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அதன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே சரியான வழி.