ரெண்டு வாரம் பொறுங்க

திருக்கோவிலூர் பெரியப்பாவுக்குக் கணைய அழற்சி வந்து மூணாவது வாரம். ஸ்கேனில் இரைப்பைக்குப் பின்னால் பெரிதாக நீர் தேங்கியிருந்தது. உள்ளே காற்றுக் குமிழ்கள். கிருமி புகுந்துவிட்டதன் அடையாளம். "ஆன்டிபயாட்டிக் ஓடட்டும், இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க" என்றார் டாக்டர். பெரியம்மா கொதித்துப்போனார். "சீழ் வச்சிருக்குன்னு அவரே சொல்றாரு, கிழிச்சு எடுக்க மாட்டேங்குறாரு. இது என்னடா வைத்தியம்?"

நியாயமான கேள்விதான். மருத்துவ உலகமே இதோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது.

கணையம் சுரக்கும் நொதிகள் சோற்றையும் கொழுப்பையும் செரிக்க உண்டானவை. அழற்சியில் அவை கணையத்தையே செரிக்க ஆரம்பிக்கும். கசிந்த நீரைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்புகிறது. அது கெட்டிப்பட ஏறத்தாழ 4 வாரம் ஆகும். உண்மையான நீர்க்கட்டிக்கு உள்பக்கம் ஒரு படலம் உண்டு. இதற்குக் கிடையாது, அதனால் 'போலி நீர்க்கட்டி'. செத்த திசுவும் உள்ளே கிடந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

1880களில் குஸ்ஸன்பவர் கட்டியைத் திறந்து, அதன் விளிம்பை வயிற்றுத் தோலோடு தைத்து, நீரை வெளியே வடியவிட்டார். 1889இல் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் கணைய அழற்சியைத் தெளிவாக வகைப்படுத்தி, ஆரம்பத்திலேயே கத்தி வைப்பது ஆபத்து என்று எச்சரித்தார். பிறகு அவரே மனசு மாறினார். 1925இல் மொய்னிஹன் சீக்கிரம் திறக்கச் சொன்னார். இப்படி ஊஞ்சல் மாதிரி ஆடியது விஷயம். ஈரமான சுவரில் தையல் நிற்காது. செத்த திசுவை உயிருள்ளதிலிருந்து பிரிக்கப் போனால் ரத்தம் கொட்டும். எத்தனை பேர் அந்த மேஜையிலேயே போனார்களோ!

2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 88 நோயாளிகளிடம் சோதித்தார்கள். நேராகத் திறந்து அறுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தது. முதலில் ட்யூப் மட்டும் போட்டு, தேவைப்பட்டால் அடுத்த படி ஏறியவர்களில் அது 40. அவர்களே 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சுவர் கெட்டிப்படும்வரை வடிகாலைத் தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக்கே போதுமாக இருந்தது. ட்யூபே வேண்டியிருக்கவில்லை.

பித்தப்பைக் கல்லும் கணையத்தைக் கெடுக்கும். பெரியப்பாவைக் கெடுத்தது குடி. கள்ளக்குறிச்சி என்றாலே எல்லோருக்கும் 2024 ஜூன்தான் ஞாபகம்: கருணாபுரம், 60க்கும் மேற்பட்ட சாவுகள். அது மெத்தனால், கண்ணைப் பறித்து ஓரிரு நாளில் கொல்வது. கணையத்தை வருஷக்கணக்கில் அரிப்பது சாதாரண எத்தனால். கல்வராயன் மலைச் சாராயத்தில் இருப்பதும் அதுதான், 2003இலிருந்து அரசே சில்லறையாக விற்கும் டாஸ்மாக் பாட்டிலில் இருப்பதும் அதுதான். பெரியப்பா ரெண்டையும் பார்த்தவர். இந்தச் சாவுகள் மட்டும் கணக்கில் வருவதே இல்லை என்பது என் ஆத்திரம்.

அஞ்சாவது வாரம் வாய் வழியாக எண்டோஸ்கோபி விட்டு, இரைப்பைச் சுவரைத் துளைத்து, கட்டிக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். 1931இல் யுராஷ் வயிற்றைத் திறந்து போட்ட அதே வழி. பெரியப்பா வயிற்றில் தழும்பே இல்லை. பெரியம்மாவுக்கு அதுவும் சந்தேகம்: "உள்ள எதையோ விட்டு வச்சுட்டாங்க." உண்மைதான். அந்த ஸ்டென்ட்டை எடுக்க அடுத்த மாசம் திரும்பப் போகணும்.