கறுப்பு வெள்ளை உருவப்படக் கலை

கறுப்பு வெள்ளை உருவப்படம் என்பது ஒளி, நிழல், இடைப்பட்ட சாம்பல் சாயல்கள் ஆகியவற்றை மட்டுமே கொண்டு ஒருவரின் முகத்தையும் இயல்பையும் காட்டும் ஒளிப்பட வகை. ஒளி பட்டால் வெள்ளி உப்புகள் மாறுவதே இதன் அடிப்படை. நிறத்தைப் பதிய வழியில்லாத காலத்தில் பிறந்த இக்கலை, வண்ணப்படம் வந்த பின்னும் நிலைத்துவிட்டது.

தொடக்கம்

1839இல் பாரிசில் டாகெர் என்பவரின் ஒளிப்படச் செய்முறை வெளியானது. அதே ஆண்டு பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் தம்மையே படமெடுத்தார்; இன்றுள்ள மிகப் பழைய உருவப்படங்களுள் அது ஒன்று. நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், அமர்பவரின் பின்தலைக்கு இரும்புத் தாங்கி வைத்தனர். ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் அறிவித்த கொலோடியன் ஈரத்தகடு இந்நேரத்தை நொடிகளாகக் குறைத்தது. 1854இல் பாரிசின் டிஸ்தேரி ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பங்களும் ஸ்டுடியோ படியேறின.

கேமரன்

இதைக் கலையாக உயர்த்தியவர்களுள் தலையாயவர் ஜூலியா மார்கரெட் கேமரன் (1815–1879). கல்கத்தாவில் பிறந்த இவர், 48 வயதில், இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தபோது மகள் பரிசளித்த கேமராவில் படமெடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் முழு உருவத்தைச் சிறிதாகக் காட்டிய காலத்தில், இவர் முகத்தைச் சட்டம் நிறையக் கொண்டுவந்தார். 1867இல் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் கலைந்த வெண்முடியும் நெற்றிச் சுருக்கங்களும் இருளைக் கிழித்துத் துலங்குகின்றன. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற வேதிப்பொருளின் ஆற்றலைக் கண்டறிந்தவரும் இதே ஹெர்ஷல்தான். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரன், அங்கிருந்த தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார்.

நுட்பம்

பழைய தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. சிவந்த உதடு கறுத்து விழுந்தது. நீலக் கண் வெளிறியது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்து இக்குறையைத் தணித்தார். 20ஆம் நூற்றாண்டில் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவிய பின்னரே தோலின் சாயல் சரியாக விழுந்தது. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதும், இருட்டறையில் பிரிண்ட் போடும்போது கையால் ஒளியை மறைத்து முகத்தைத் தெளியவைப்பதும் கைத்திறனைச் சேர்ந்தவை.

பிற்காலம்

1941 டிசம்பர் 30 அன்று, கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில், பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டுப் படமெடுத்தார் ஒளிப்படக் கலைஞர் யூசுப் கார்ஷ். அந்த முறைப்பு போர்க்கால பிரிட்டனின் உறுதிக்கு அடையாளமாயிற்று. 2016இல் அப்படம் 5 பவுண்டு நோட்டிலும் இடம்பெற்றது. இன்று டிஜிட்டலில் வண்ணமாக எடுத்து, ஒவ்வொரு நிறத்தின் சாயலையும் பின்னர் கூட்டிக் குறைக்க முடிகிறது. ஆனாலும் விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, எந்தச் சுருக்கத்தை நிழலில் விடுவது என்பதைப் படமெடுப்பவரின் கண்தான் முடிவுசெய்கிறது.