வேல்ஸ் நாட்டின் ஸ்தல ஸ்தாபனங்கள்

1925-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வேல்ஸ் தேசத்தின் வடமேற்குக் கோடியிலுள்ள புல்ஹெலி என்னும் சிறு துறைமுகப் பட்டணத்தில், அந்நாட்டுக் கவிகளும் பாடகர்களும் ஆண்டுதோறும் கூடும் ஐஸ்டெத்வோத் விழா நடந்துகொண்டிருந்த சமயத்தில், மதுபானம் விற்பதில்லை என்னும் விரதம் பூண்ட ஒரு விடுதியின் அறையில், ஆறு பேர் கூடி ஓர் அரசியல் கட்சியை ஸ்தாபித்தார்கள். பிளைட் கம்ரி என்று இன்று வழங்கும் அக்கட்சிக்குப் பிறந்த காலத்தில் சுயராஜ்யம்கூட முதல் லட்சியமாக இருக்கவில்லை. வெல்ஷ் மொழி தன் சொந்த மண்ணிலேயே பேசுவாரற்று மறைந்துபோகாமல் காக்க வேண்டும் என்பதே அதன் பிரதான நோக்கம். 1929-இல் கார்னார்வன் ஜில்லாவில் அதன் முதல் வேட்பாளராகப் பார்லிமெண்டுத் தேர்தலில் நின்ற லூயிஸ் வாலண்டைன் என்னும் பாதிரியாருக்குக் கிடைத்த வாக்குகள் 609. இக்கட்சியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் சிறை சென்ற தலைவர்களையும், 1966-இல் கார்மார்தன் இடைத்தேர்தலில் கிடைத்த முதல் வெற்றியையும், வெல்ஷ் தொலைக்காட்சிக்காக 1980-இல் அறிவிக்கப்பட்ட உண்ணாவிரதத்தையுமே பெரிதாகப் பேசுவார்கள். அவையெல்லாம் மகத்தான சம்பவங்களே. ஆயினும், அக்கட்சியும் அதன் கொள்கையால் உந்தப்பட்டவர்களும் செய்த காரியங்களில் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் கவுண்டி கவுன்சில்களிலும் கிராமப் பொதுக்கூட்டங்களிலும், பத்திரிகைகளின் கண்ணுக்கு எட்டாத இடங்களில் நடந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

ஆரம்ப காலத்தில் கட்சியின் தலைவராக விளங்கிய சாண்டர்ஸ் லூயிஸ், வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமெண்டைப் பகிஷ்கரித்துவிட்டு, ஊர்தோறும் உள்ள ஸ்தல ஸ்தாபனங்களைக் கைப்பற்றி, அவற்றின் வாயிலாகவே தேசத்தை மீண்டும் வெல்ஷ்மயமாக்க வேண்டும் என்று எண்ணினார். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் பெருந்தொழிலைக் கலைத்து ஜனங்களை மீண்டும் உழவுக்குத் திருப்ப வேண்டும் என்று அவர் எழுதியது, வேலையின்றித் தவித்த சுரங்கத் தொழிலாளிக்கு எவ்விதத்திலும் ஆறுதலளிக்காத கனவுதான்; ஆனால் மொழி என்பது நூல்களில் மட்டும் வாழ்வதன்று, வீடும் தொழிலும் உடைய ஒரு ஜனசமூகத்தில்தான் அது மூச்சு விடும் என்ற உண்மை அக்கனவினுள் அடங்கியிருந்தது. டென்மார்க்கின் கூட்டுறவு முறையை நேரில் கண்டு வந்த டி. ஜே. டேவிஸ் என்னும் பொருளாதார நிபுணர் அதே எண்ணத்தை நடைமுறைக்கு ஒத்த வடிவில் கட்சிக்கு எடுத்துரைத்தார்.

கவுண்டி கவுன்சில்கள் அப்போது புதியவையல்ல. 1889 வரை ஜில்லா நிர்வாகம் நிலப்பிரபுக்களான கௌரவ நீதிபதிகளின் கையில் இருந்தது. அவ்வருஷம் நடந்த முதல் தேர்தலில் அவர்களை வீழ்த்தி, சர்ச் ஆஃப் இங்கிலாந்தைச் சேராத கிறிஸ்தவ சபைகளின் பக்தர்களும் குடியானவர்களும் கடைக்காரர்களும் வேல்ஸின் பெரும்பாலான மன்றங்களில் அமர்ந்தார்கள். ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்ஷ் பேசிய காலம் அது. அப்படியிருந்தும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாய்மொழியில் மணிக்கணக்காகப் பிரசங்கம் கேட்ட அதே மனிதர்கள், திங்கட்கிழமை மன்றத்திற்கு வந்ததும் நடவடிக்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1536-ஆம் வருஷத்துச் சட்டம் நீதிமன்றத்தையும் உத்தியோகத்தையும் ஆங்கிலத்துக்கே உரியவையாக்கி முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஓடிய பிறகு, சர்க்கார் காகிதம் என்றால் ஆங்கிலக் காகிதம்தான் என்பது எவரும் ஆணையிடாமலே நடந்துவந்த வழக்கமாகிவிட்டது.

அவ்வழக்கத்தை அசைத்தவர்கள் பெருந்தலைவர்கள் அல்லர். தென்வேல்ஸில் லனெல்லிக்கு அருகேயுள்ள லான்கெனெக் கிராமத்தில், சுரங்கத் தொழிலாளியான டிரெவர் பீஸ்லியும் ஆசிரியையாக இருந்த அவருடைய மனைவி ஐலீனும் மணம் முடித்துச் சிறு வீடொன்றை வாங்கிக் குடியேறியபோது, 1952-இல், ஊரக மன்றத்திலிருந்து வீட்டுவரிக்கான நோட்டீஸ் வந்தது. அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கிராமத்தாரிலும் மன்றத்து உறுப்பினர்களிலும் சிப்பந்திகளிலும் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுவோரே. ஆகவே வெல்ஷில் நோட்டீஸ் அனுப்புங்கள், வரியைக் கட்டிவிடுகிறோம் என்று அத்தம்பதிகள் பதில் எழுதினார்கள். மன்றம் மறுத்தது. சம்மன் வந்தது, கோர்ட்டில் வெல்ஷிலேயே பேச அனுமதி கேட்டார்கள், அபராதம் விழுந்தது, அமீனாக்கள் வந்து மேஜை நாற்காலிகளையும் பியானோவையும் ஜப்தி செய்து கொண்டு போனார்கள். பத்துத் தடவைக்கு மேல் அவர்கள் கோர்ட்டு ஏறி இறங்கினார்கள். கைக்குழந்தைகள் இருந்த வீட்டில் ஒவ்வொரு சாமானாக வெளியேறிக்கொண்டிருக்க, ஐலீன் அந்த லனெல்லி ஊரக மன்றத்துக்கே பிளைட் கம்ரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தம் வீட்டை ஜப்தி செய்த ஸ்தாபனத்தின் கூட்டங்களிலேயே அமர்ந்து பேசினார் என்பதை நினைக்கும்போது, அந்த அம்மையின் நெஞ்சுரம் நம்மை வணங்கச் செய்கிறது. எட்டு வருஷங்களுக்குப் பிறகு, 1960-இல், இரு மொழியிலும் அச்சிட்ட நோட்டீஸ் அவர்கள் வாசலுக்கு வந்தது. 1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் மொழியின் எதிர்காலத்தைப் பற்றி வானொலியில் நிகழ்த்திய பிரசித்தி பெற்ற சொற்பொழிவில் இத்தம்பதிகளையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார். வெல்ஷ் மொழிச் சங்கம் அவ்வருஷமே தோன்றிற்று.

உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரமில்லையேல் என்ன நேரும் என்பதை அதே பத்தாண்டு வேறொரு விதத்தில் காட்டியது. லிவர்பூல் நகரசபை தன் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட விரும்பியபோது, வேல்ஸிலுள்ள ஸ்தல ஸ்தாபனங்களின் சம்மதத்தைக் கேட்டு நிற்காமல், பார்லிமெண்டில் நேரே ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தது. 1957-இல் அது சட்டமாயிற்று. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965-இல் கப்பெல் கெலின் என்னும் வெல்ஷ் கிராமம், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், தேவாலயம், இடுகாடு எல்லாவற்றோடும் நீரில் மூழ்கியது. கட்சியின் அக்காலத்துத் தலைவர் குவின்வர் எவன்ஸ் 1949 முதல் கார்மார்தன் கவுண்டி கவுன்சிலில் உறுப்பினர்; பாலம், பள்ளி, பாதை என்று சிறு சிறு விஷயங்களுக்காக மன்றத்தில் பெரும்பாலும் தனியாளாய் வாதாடிப் பழகிய அவர், ஒரு நகரசபை மற்றொரு தேசத்தின் கிராமத்தை அழிக்க முடிந்ததைக் கண்டு, அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தேசம் முழுவதும் எழுப்பினார்.

அக்கேள்விக்கு முதலில் செயலால் விடை கண்டது வடமேற்குப் பிரதேசம். 1974-இல் ஸ்தல ஸ்தாபனங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, கார்னார்வன், மெரியோனெத், ஆங்கல்சி ஆகிய பழைய ஜில்லாக்களை இணைத்து குவினெத் என்னும் புதிய கவுண்டி உண்டாயிற்று. அம்மன்றத்தில் கட்சி சாராதவர்களே மிகுதி. பிளைட் கம்ரி பெரும்பான்மை பெறவில்லை. ஆயினும் பெத்தெஸ்டாவைச் சேர்ந்த கட்சி உறுப்பினரும் ஆசிரியருமான டாவித் ஓர்விக், சலியாத பொறுமையோடு மற்றவர்களைத் தம் வழிக்குக் கொணர்ந்து, இரு மொழிகளுக்கும் சமமான ஸ்தானம் அளிக்கும் கொள்கையை ஏற்கச் செய்தார். கொள்கையைவிட அதை நிறைவேற்றிய விதமே என்னைக் கவர்கிறது. முன்பெல்லாம் இருபது பேர் கூடிய கூட்டத்தில் வெல்ஷ் அறியாத ஒருவர் இருந்தால், மற்ற பத்தொன்பது பேரும் மரியாதை கருதி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். புதிய மன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடு வந்தது. மொழி அறியாதவர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்வார், மற்றவர்கள் தங்கள் மொழியிலேயே வரவு செலவுத் திட்டத்தையும் சாக்கடையையும் பற்றித் தர்க்கிப்பார்கள். இச்சிறு யந்திர ஏற்பாடு பல தலைமுறைகளின் கூச்சத்தைப் போக்கியது. அம்மன்றத்தின் உயர் அதிகாரியாக 1980 முதல் இருந்த யோவன் போவன் ரீஸ், சிறிய சமூகங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் தகுதியுடையவை என்று வாதிட்டு நூல் எழுதியவர். சட்ட ஞானமும் தேசபக்தியும் ஒருங்கே பெற்ற அத்தகைய உத்தியோகஸ்தர் வாய்த்தது குவினெத்தின் பாக்கியம். 1996-இல் மன்றங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டபின், அதன் அலுவலக நிர்வாகமே வெல்ஷில் நடக்கலாயிற்று. கார்னார்வன் நகரிலுள்ள கூட்டமண்டபம் இன்று ஓர்விக்கின் பெயரால் வழங்குகிறது.

பள்ளிகளின் விஷயத்தில் புகழ் முழுவதையும் ஒரு கட்சிக்கே தருவது நியாயமாகாது. ஸ்தல ஸ்தாபனம் நடத்திய முதல் வெல்ஷ்மொழி ஆரம்பப் பள்ளி 1947-இல் லனெல்லியில் திறக்கப்பட்டது. முதல் உயர்நிலைப் பள்ளியை 1956-இல் பிளின்ட்ஷயர் கல்வி அதிகாரிகள் தொடங்கினார்கள். குவினெத்தின் தனிச் சிறப்பு வேறு. வெளியூரிலிருந்து குடிவரும் குழந்தைகள் மொழி தெரியாமல் வகுப்பில் ஒதுங்கிப்போகாதபடி, அவர்களை முதலில் சில மாதம் தனி மையங்களில் வைத்து வெல்ஷ் கற்பித்துப் பின்பு ஊர்ப்பள்ளிக்கு அனுப்பும் முறையை 1980-களிலிருந்து அது நடத்திவந்தது. வந்தவரை விலக்காமல் தம்மவராக்கிக்கொள்ளும் இவ்வேற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மன்றத்துக்கு வெளியே ஜனங்கள் தாமே செய்த காரியங்களும் உண்டு. லனைல்ஹைர்ன் என்னும் கிராமத்தில் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பீதி எழுந்தபோது, அங்கே வைத்தியராக இருந்த கார்ல் கிளவ்ஸும் ஊராரும் போராடி அதைக் காத்தார்கள். பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளி, வேலை இருந்தால்தான் பிள்ளைகள் என்பதை உணர்ந்து, 1974-இல் ஊரார் பங்குபோட்டு ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்து, பின்னலாடையும் மட்பாண்டமும் செய்யத் தொடங்கினார்கள். அதற்குச் சில மைல் தூரத்தில், கடலுக்கும் செங்குத்தான மலைக்கும் இடையே, கல்லுடைக்கும் தொழில் நின்றபின் ஜனங்கள் வெளியேறிக் கூரையிழந்து கிடந்த நாண்ட் குர்த்தெய்ர்ன் என்னும் ஊரை 1978-இல் நன்கொடை திரட்டி வாங்கி, வெல்ஷ் கற்பிக்கும் வித்யாலயமாக மாற்றினார்கள். 1982 முதல் அங்கே வகுப்புகள் நடக்கின்றன.

தெற்கே, ஆங்கிலம் ஓங்கிய பள்ளத்தாக்குகளில், மெர்தர் டிட்வில் மன்றத்தை 1976-இலும், ரோண்டா கனன் டாஃபை 1999-இலும் கட்சி கைப்பற்றியது, இரண்டும் நிலைக்கவில்லை.

அதிகாரம் கைக்கு வந்தபின் கட்சியே பழி சுமக்கவும் நேர்ந்தது. பிற்காலத்தில் பெரும்பான்மை பெற்று குவினெத் மன்றத்தை நடத்திய பிளைட் கம்ரி, மாணவர் தொகை குறைந்த கிராமப் பள்ளிகள் பலவற்றை மூடவும் இணைக்கவும் திட்டமிட்டபோது, அதன் சொந்த ஆதரவாளர்களே வெகுண்டெழுந்து ‘லைஸ் குவினெத்’ என்னும் புதிய கட்சியை உண்டாக்கினார்கள்; 2008 தேர்தலில் பழைய கட்சி பெரும்பான்மையை இழந்தது. சிக்கனம் தவறன்று, ஆனால் வெல்ஷ் மொழியைக் காப்பதற்கென்றே பிறந்த இயக்கம் கிராமத்துப் பள்ளியை மூடும் உத்தரவில் கையெழுத்திட்டால் ஜனங்கள் பொறுப்பார்களா? பீஸ்லி தம்பதிகள் வாழ்ந்த லான்கெனெக்கிலோ, 2017-இல் கிராமப் பள்ளியை முழுதும் வெல்ஷ்வழிப் பள்ளியாக மாற்ற, பிளைட் கம்ரி தலைமையிலான கார்மார்தன் மன்றம் தீர்மானித்தபோது, பெற்றோரில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தார்கள். மன்றம் பின்வாங்கவில்லை, அது சரியான தீர்மானம் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது மொழியின் பிரச்னை பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2021 ஜனத்தொகைக் கணக்குப்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுவோர் 17.8 சதவீதம், குவினெத்தில் 64.4 சதவீதம். அந்தக் குவினெத்தின் கடற்கரைகள்தான் விடுமுறைக்கு வரும் செல்வர்களின் கண்ணுக்கு உகந்தவை. அபர்சோக் என்னும் கடலோர ஊரில் வீடுகளின் பெரும்பங்கு வருஷத்தில் பல மாதங்கள் பூட்டிக் கிடப்பவை. உள்ளூர் இளைஞருக்கு அவற்றின் கிரயம் எட்டாக்கனி. அவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்க, 2021 டிசம்பர் முடிவில் அது மூடப்பட்டது. மூடியது அப்போது மீண்டும் பிளைட் கம்ரி நடத்திவந்த மன்றமே.

வரியும் திட்ட அனுமதியுமே மன்றத்தின் கையிலிருந்த ஆயுதங்கள். 2014-ஆம் வருஷத்துச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, இரண்டாம் வீடு வைத்திருப்போருக்கு வீட்டுவரிக்கு மேல் 2018-இல் 50 சதவீதமும், 2021-இல் 100 சதவீதமும், 2023-இல் 150 சதவீதமும் குவினெத் மிகைவரி விதித்தது. 2022-இல் வேல்ஸ் அரசாங்கம் விதிகளைத் திருத்தி, வீடுகளை நிரந்தரக் குடியிருப்பு, இரண்டாம் வீடு, விடுமுறை வாடகை வீடு என மூன்று வகுப்புகளாகப் பிரித்த பிறகு, ஒருவர் தம் குடியிருப்பை மற்ற இரண்டில் ஒன்றாக மாற்றுமுன் அனுமதி பெற வேண்டும் என்னும் கட்டளையை, வேல்ஸிலேயே முதலாவதாக, 2024 செப்டம்பர் 1 முதல் குவினெத் அமுலுக்குக் கொண்டுவந்தது.

அதற்கு எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்றது. எதிர்த்தவர்கள் அனைவரும் அந்நியர்கள் அல்லர். பாட்டன் விட்டுச்சென்ற வீடு ஒன்றையே ஆஸ்தியாகக் கொண்ட வெல்ஷ் குடும்பத்தாரும், அதன் விலை சரிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் துரோகம் என்று தள்ளிவிடுவது அநியாயம். கூலி குறைந்த பிரதேசத்தில் வீடுதான் முதுமைக்குத் துணை. ஆனால் அவ்வீடு நல்ல விலைக்கு விற்றபின், அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அவ்வூரில் குடியிருக்க எந்த வீட்டை வாங்குவார்கள் என்பதற்கு எதிர்ப்பாளர்கள் தரப்பில் தக்க விடையை நான் காணவில்லை. மன்றத்தாரோ மிகைவரியில் வரும் பணத்தை வீட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கி, சந்தைக்கு வரும் வீடுகளைத் தாமே வாங்கியும் புதியவற்றைக் கட்டியும், குவினெத்தோடு பந்தமுள்ள குடும்பங்களுக்கு அவர்களால் கொடுக்கக்கூடிய வாடகைக்கும் விலைக்கும் விட்டுவருகிறார்கள்.